பிழையான விடை சொல்லும் செய்தி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகளுக்கும் உயர்தர வகுப்பு மாணவிகளுக்குமாக நடைபெற்ற கணினிக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் பெரிய விடயங்களைப் பேசுவது வழக்கம். சங்கத்தார் என்னிடம் கேட்டதோ மிகச் சிறிய விடயம். செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் லூப்பில் விடும் பிழைகளை எப்படித் திருத்துவது? இணையவழியில் அவர்களுக்கு உதவ முன்வந்திருக்கும் பழைய மாணவிகள் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இவ்வளவுதான்.

சிறிய விடயம் என்றாலும் இதில் பெரிய காரியம் ஒன்று தங்கியிருக்கிறது. பல வருடங்களாக இந்தப் பாடத்தைக் கற்பித்துவரும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மாறி என்றால் என்ன, 'இப்படியாயின் அப்படிச் செய்' என்று எழுதுவது எப்படி என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு இலகுவாகவே பிடிபடும். லூப் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். "மிஸ், எல்லாம் சரியாத்தான் எழுதினனான். விடைதான் பிழையா வருது" என்று ஒரு பிள்ளை சொல்லுவாள். அடுத்த கிழமை அவளே, "எனக்கு இது ஏறாது மிஸ், பாடத்தை மாத்தப் போறன்" என்று வந்து நிற்பாள். பதினாறு, பதினேழு வயதில் எடுக்கும் அந்த முடிவு ஒரு பிள்ளைக்கு எத்தனை கதவுகளைச் சாத்திவிடும் என்பது, இங்கே பொறியியலாளர்களாகவும் கணக்காளர்களாகவும் அமர்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அவள் விட்ட பிழை பெரும்பாலும் ஒரு வரியில்தான் இருக்கும். சில வேளை ஒரேயொரு இலக்கத்தில் இருக்கும்.

தமிழில் மீள்செய்கை என்று படிக்கிறோம். பிள்ளைகள் வாயில் அது லூப். நான் இன்று சுற்று என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எந்தச் சுற்றுக்கும் நான்கு உறுப்புகள் உண்டு. எங்கே தொடங்குகிறோம்? எதுவரை தொடர்கிறோம்? ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறோம்? அடுத்ததற்கு எப்படி நகர்கிறோம்? தொடக்கம், நிபந்தனை, வேலை, நகர்வு. இந்த நான்கையும் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுப்போம். இந்த உரை முடியும்வரை அதையே வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள் ஒரு பரீட்சையில் பெற்ற புள்ளிகள் 60, 75, 90. அவற்றைக் கூட்டவேண்டும். சரியான விடை 225. கணினி மொழி எதையும் நினைக்காமல் தமிழிலேயே எழுதுவோம்.

கூட்டுத்தொகை = 0
எண் = 1
எண் 3 ஐ விடக் கூடாமல் இருக்கும் வரை, திரும்பத் திரும்ப:
— எண் காட்டும் பிள்ளையின் புள்ளியைக் கூட்டுத்தொகையுடன் சேர்
— எண்ணுடன் 1 ஐக் கூட்டு
சுற்று முடிந்த பின், கூட்டுத்தொகையைக் காட்டு

ஆறே வரிகள். இவற்றில் ஒன்றை மாற்றினால் 225 வராது. ஆனால் வரும் பிழையான விடை வெறும் பிழையாக வந்துவிட்டுப் போவதில்லை. எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். வரியை மாற்றுவதற்கு முன் விடையை வாசியுங்கள்.

முதலாவது, ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும். பிள்ளைக்கு 135 வருகிறது என்று வைப்போம். 135 என்பது என்ன? 60 உம் 75 உம். கடைசிப் பிள்ளை விடுபட்டுவிட்டாள். அப்படியானால் நிபந்தனையைப் பார்க்கவேண்டும். '3 ஐ விடக் கூடாமல்' என்று எழுதவேண்டிய இடத்தில் '3 ஐ விடக் குறைவாக' என்று எழுதியிருப்பாள். 165 வந்தால்? அது 75 உம் 90 உம். முதற் பிள்ளை விடுபட்டிருக்கிறாள். அப்போது தொடக்கத்தைப் பார்க்கவேண்டும். பைத்தன் மொழியில் பட்டியலின் முதல் இடத்துக்கு இலக்கம் 0. அதை 1 என்று நினைத்துத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த 165 தான் கிடைக்கும்.

இந்தப் பிழையை விளக்க எங்கள் ஊர் வேலியை விட நல்ல உதாரணம் இல்லை. நூறு அடி நீளத்துக்கு நேராக ஒரு வேலி. ஐந்து அடிக்கு ஒரு கதியால். எத்தனை கதியால் வேண்டும்? நூறை ஐந்தால் பிரித்து இருபது என்று சொல்லுபவர்கள் கடைசி முனைக்குக் கதியால் இல்லாமல் நிற்பார்கள். இடைவெளி இருபது, கதியால் இருபத்தொன்று. அதே நூறு அடி வேலி வளவைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் இருபது கதியால் போதும். ஆங்கிலத்திலும் இந்தப் பிழைக்கு வேலிக்கம்பத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கதியாலை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா என்று பிள்ளையைக் கேளுங்கள். அவளே திருத்திவிடுவாள்.

பைத்தனில் ரேஞ்ச் என்று ஒன்று உண்டு. ரேஞ்ச் (1, 10) என்று எழுதினால் 1 இலிருந்து 9 வரைதான் வரும், 10 வராது. இது அநியாயம் என்று பிள்ளைகள் முறையிடுவார்கள். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் மறக்கமாட்டார்கள். தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிட்டால், இரண்டையும் கழித்ததும் எத்தனை சுற்று என்பது உடனே கிடைக்கும். 0 இலிருந்து 3 வரை என்றால் மூன்று சுற்று: 0, 1, 2. நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 இல், எண்ணுவதை ஏன் பூச்சியத்தில் தொடங்கவேண்டும் என்று ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் அவர் சொன்ன நியாயங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, முடியாத சுற்று. நகர்வு வரியை மறந்துவிட்டால் எண் எப்போதும் 1 ஆகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகையைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். 60, 120, 180, 240 என்று போய்க்கொண்டே இருக்கும். முதற் பிள்ளையின் புள்ளியையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறது என்று அந்த இலக்கங்களே காட்டிக்கொடுக்கும். பைத்தனில் நகர்வு வரியைச் சுற்றுக்கு உள்ளே தள்ளி எழுதாமல் வெளியே விட்டாலும் இதே கதைதான். கணினி பழுதாகிவிட்டது என்று பிள்ளை பயந்துபோவாள். கொன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினால் அநேகமாக நின்றுவிடும், ஒன்றும் உடையாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

அனுபவசாலிகளுக்கும் இது நடந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் சூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவி சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2008 டிசம்பர் 31 ஆம் திகதி அதன் 30 கிகாபைற் கருவிகள் பெருந்தொகையாக ஒரே நாளில் உறைந்து நின்றன. காரணம் ஒரு சிறு சுற்று. நாட்களின் தொகையை வருடமாக மாற்றும் செய்நிரல் அது. நாட்கள் 365 ஐ விடக் கூடுதலாக இருக்கும்வரை சுற்றவேண்டும். சாதாரண வருடமானால் 365 ஐக் கழிக்கவேண்டும். லீப் வருடமானால், நாட்கள் 366 ஐ விடக் கூடுதலாக இருந்தால் மட்டும் 366 ஐக் கழிக்கவேண்டும். 2008 லீப் வருடம். அதன் கடைசி நாள் 366 ஆவது நாள். 366 என்பது 365 ஐ விடக் கூடியது, ஆகவே சுற்றுக்குள் போனது. ஆனால் 366 ஐ விட 366 கூடியதல்ல, ஆகவே ஒன்றும் கழிபடவில்லை. ஒன்றும் மாறாததால் வெளியே வரவும் வழியில்லை. மின்கலம் இறங்கும்வரை விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் இயக்குங்கள் என்பதுதான் நிறுவனம் சொன்ன பரிகாரம்.

இதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுக்கலாம். "சுற்றுக்குள் எந்த வழியால் போனாலும், நிபந்தனையில் உள்ள மாறி மாறுகிறதா?" ஒரு வழியிலாவது மாறாமல் விட்டால் அங்கே ஆபத்து இருக்கிறது. தசமங்களோடு இன்னுமொரு கவனம் தேவை. 0.1 ஐப் பத்துத் தடவை கூட்டினால் எங்கள் கொப்பியில் 1 வரும். பைத்தனில் 0.9999999999999999 வரும். கணினி இரும எண்ணில் 0.1 ஐச் சரியாக எழுத முடியாது என்பதே காரணம். '1 க்குச் சமனாகும் வரை சுற்று' என்று எழுதினால் அது 1 ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். சுற்றுகளை முழு எண்ணால் எண்ணச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வரி சரி, இடம் பிழை. விடை 90 வருகிறது. 90 கடைசிப் பிள்ளையின் புள்ளி. முன்னைய இருவரின் புள்ளிகளையும் யாரோ அழித்திருக்கவேண்டும். 'கூட்டுத்தொகை = 0' என்ற வரி சுற்றுக்கு உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டியலைக் கவிழ்த்துவிட்டுப் போட்டால் கடைசியாகப் போட்ட காசு மட்டும்தானே மிஞ்சும்? மறுபுறம், 60, 135, 225 என்று மூன்று விடைகள் வந்தால், காட்டும் வரி சுற்றுக்கு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். சார்பு ஒன்றுக்குள் விடையைத் திருப்பி அனுப்பும் ரிற்றேர்ண் வரி அப்படி உள்ளே வந்தால் 60 மட்டுமே கிடைக்கும். முதற் சுற்றிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. பைத்தனில் இந்த இடப்பிழை வரியின் முன்னால் விடும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்கு எழுத்தெல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் பிள்ளைகள் "எல்லாம் சரியாத்தான் எழுதினனான்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

நான்காவது, தொடக்கப் பெறுமதி. மூன்று புள்ளிகளில் மிகக் குறைந்ததைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பழக்கத்தில் '0' என்று தொடங்குவார்கள். 60, 75, 90 எதுவுமே 0 ஐ விடக் குறைந்ததில்லை. விடை 0. பரீட்சையில் ஒருவரும் எடுக்காத புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளை சிரித்துவிடுவாள், பிழையும் தெரிந்துவிடும். மிகக் கூடிய புள்ளிக்கு 0 இல் தொடங்கினால் பிரச்சினை தெரியாது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, மாரிகாலத்தின் மூன்று நாள் வெப்பநிலை சய 5, சய 12, சய 8 என்று கொடுத்துப் பார்த்தால், மிகக் கூடியது 0 என்று சொல்லும். பட்டியலின் முதற் பெறுமதியிலேயே தொடங்குவதுதான் பாதுகாப்பு.

ஐந்தாவது, நடக்கும்போதே பாதையை வெட்டுவது. 80 க்குக் குறைந்த புள்ளிகளைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்கிறோம். 90 மட்டும் மிஞ்சவேண்டும். பைத்தனில் அந்தப் பட்டியலிலேயே நடந்துகொண்டு நீக்கினால் 75 உம் மிஞ்சிவிடும். முதல் இடத்தில் இருந்த 60 நீங்கியதும் 75 முன்னால் நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டது. சுற்றோ இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே 90 நிற்கிறது. 75 ஐ ஒருவரும் பார்க்கவேயில்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருத்தியை வெளியே எடுத்தால் மற்றவர்கள் ஓரடி முன்னால் வருவார்கள் அல்லவா? அதேதான். வேண்டியவற்றை வேறொரு புதிய பட்டியலில் சேர்த்துக்கொள்வதே தீர்வு.

இந்த ஐந்துக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு தாளும் ஒரு பென்சிலும். தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள். தலைப்புகள்: எண், புள்ளி, கூட்டுத்தொகை. பிள்ளை கணினியாகி, ஒவ்வொரு வரியாக, எழுதியிருப்பதை மட்டும் செய்யவேண்டும். தான் எழுத நினைத்ததைச் செய்யக்கூடாது. முதல் நிரை: 1, 60, 60. அடுத்தது: 2, 75, 135. அடுத்தது: 3, 90, 225. எண் 4 ஆகிறது, நிபந்தனை பொய், வெளியே வருகிறோம். பிழையான செய்நிரலுக்கும் இப்படியே தாளில் எழுதினால், எந்த நிரையில் எதிர்பார்த்ததும் எழுதியதும் பிரிகின்றன என்று அவளது பென்சிலே காட்டும். முப்பது பிள்ளைகள் வேண்டாம், மூவர் போதும். அத்தோடு இரண்டு பரிசோதனைகள்: ஒரேயொரு பிள்ளை இருந்தால் என்ன வரும்? ஒருவருமே இல்லாவிட்டால்? சராசரி கேட்டிருந்தால், ஒருவருமில்லாத வகுப்பில் பூச்சியத்தால் பிரிக்கப்போய்ச் செய்நிரல் விழுந்துவிடும்.

இந்தத் தாள் முறை பழையது, மிகவும் பழையது. 1843 இல், 27 வயதான ஏடா லவ்லேஸ், சார்ள்ஸ் பபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து, கூடவே தனது குறிப்புகளையும் வெளியிட்டார். கடைசிக் குறிப்பில் பேர்ணூலி எண்களைக் கணிப்பதற்கான பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறது. 25 செய்கைகள், ஒவ்வொன்றிலும் எந்த மாறி எப்படி மாறுகிறது என்று நிரை நிரையாக. 13 முதல் 23 வரையான செய்கைகள் திரும்பச் செய்யப்படவேண்டும் என்றும் அதில் குறித்திருக்கிறது. அதுதான் சுற்று. முழுமையாகக் கட்டப்படாத ஓர் இயந்திரத்துக்காக ஒரு பெண் தாளில் கையால் ஓட்டிப் பார்த்த சுற்று. அந்த அட்டவணையின் நான்காவது செய்கையில், வகுக்கவேண்டிய இரண்டு மாறிகள் தலைகீழாக அச்சாகியிருக்கின்றன. உலகின் முதற் செய்நிரல் என்று பலரும் சொல்லும் அதிலேயே ஒரு பிழை. தங்கைமாரே, உங்கள் கொப்பியில் பிழை இருந்தால் நீங்கள் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இனி உதவ முன்வந்திருக்கும் அக்காமாருக்குச் சில வார்த்தைகள். லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு நீங்கள் திரையில் பார்க்கும்போது பிழை உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். "அந்த வரியில் சமன் அடையாளத்தைப் போடும் பிள்ளை" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். தயவுசெய்து சொல்லாதீர்கள். சொன்னால் அன்றைய செய்நிரல் ஓடும், நாளைய செய்நிரல் ஓடாது. மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். என்ன விடையை எதிர்பார்த்தீர்? என்ன விடை வந்தது? வந்த அந்த இலக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். அந்த ஐந்து நிமிட மௌனத்தில்தான் அவள் படிக்கிறாள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு கணத்தில் திருத்தித் தருமே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தரும், பல வேளைகளில் சரியாகவே தரும். ஆனால் உயர்தரப் பரீட்சை மண்டபத்தில், இந்தச் சுற்றின் வெளியீடு என்ன என்று கேட்கும் வினாவுக்கு முன் பிள்ளையும் பேனையும் மட்டுமே இருப்பார்கள். நாளை வேலைத்தலத்தில், இயந்திரம் எழுதித் தந்த சுற்று லீப் வருடத்தின் கடைசி நாளில் என்ன செய்யும் என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளையாக இருக்கலாம்.

சங்கம் நூற்றாண்டுக்காகக் கட்டடத்துக்கும் கணினிகளுக்கும் நிதி சேர்க்கிறது. கொடுக்கக்கூடியவர்கள் கொடுங்கள். அத்தோடு நான் இன்னொன்றும் கேட்கிறேன். கிழமைக்கு ஒரு மணித்தியாலம். ஒரு பிள்ளை. ஒரு தவணை முழுக்க அதே பிள்ளை. கணினித்துறையில் இல்லாதவர்களும் வரலாம். மூன்று நிரல்கள் உள்ள தாளைப் பிடித்துக்கொண்டு "அடுத்தது என்ன?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். மாறிகள் என்ற பெயரைக் கேட்டிராத ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதைச் சிறப்பாகச் செய்வார்கள். பிள்ளை பிழைவிடும்போது காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமானது.

"எனக்கு இது ஏறாது" என்று ஒரு தங்கை உங்களிடம் சொன்னால், சரி என்றோ இல்லை என்றோ வாதாட வேண்டாம். "விடை என்ன வந்தது?" என்று கேளுங்கள். அவள் 135 என்பாள். "அந்த 135 இல் ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேளுங்கள்.